இறக்கைக்குக் கீழே ஒரு ஜன்னல்

அன்புள்ள ஐயா,

1942ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் புகுந்து எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் 'உள்ளூர்க்காரர்கள் தங்கள் சொந்த விமானங்களில் போய்க் காவல் காத்தார்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. காரணம் இருக்கிறது. என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அவன் மகளுக்கு 14 வயது. அந்தக் காவலுக்குப் போன அதே தன்னார்வ அமைப்பில், சிவில் ஏர் பேட்ரோலில், கேடட்டாக, அதாவது இளம் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் முதல் தடவையாக முன் இருக்கையில் உட்கார வைத்துப் பறக்கக் கூட்டிப்போனார்களாம். படம் அனுப்பியிருந்தாள். பார்த்தால் மூக்கில் ஒரே ஒரு விசிறி வைத்த குட்டி செஸ்னா! விமானப்படையின் துணை அமைப்பு என்கிறார்கள், நம்ம ஊர் அம்பாசடர் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்களே!

அந்தக் காலத்தில் எந்த விமானத்தில் போய் நீர்மூழ்கிகளைத் தாக்கினார்கள்? இரண்டை மூழ்கடித்தார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், உண்மையா? டிரோனும் செயற்கைக்கோளும் வந்த பிறகும் ஏன் இந்தக் குட்டி விமானம்?

எஸ்.,
கரூர்

அன்புள்ள எஸ்.,

'பேட்ரோல்' என்று சரியாக எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் என் வரைவில் 'சிவில் ஏர் பெட்ரோல்' என்று எழுதிவைத்திருந்தேன். படித்த நண்பர், ஆகாயத்தில் பங்க் வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். அந்தப் பெயரே வேண்டாம் என்று தூக்கிவிட்டேன். அதனால்தான் அது ஒரு வரியாகச் சுருங்கியது.

அம்பாசடர் ஒப்பீடு நீங்கள் நினைப்பதைவிடப் பொருத்தமானது. செஸ்னா 172 முதலில் பறந்தது 1955ல், கிட்டத்தட்ட அம்பாசடர் காலம். ஒரே வித்தியாசம், அம்பாசடர் 2014ல் நின்றுபோனது. 172ஐ இடையில் பத்து வருடம் நிறுத்தி, 1996ல் மறுபடி ஆரம்பித்து, இன்னும் செய்கிறார்கள். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீர்மூழ்கி.

சிவில் ஏர் பேட்ரோல் தொடங்கியது 1941 டிசம்பர் 1. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஆறு நாள் முன்னால். போர் வந்தால் தனியார் விமானங்களையெல்லாம் தரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று அமெரிக்காவில் விமானம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பயம். கட்டிப்போடாதீர்கள், எங்களையும் சேர்த்து வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்த அமைப்பின் ஆரம்பக் குரல். விமானத்துறைப் பத்திரிகையாளர் கில் ராப் வில்சன் அதற்காக அலையாய் அலைந்தார். ஜனவரியில் நீர்மூழ்கிகள் வந்தன. கரையில் நிற்கிறவர் கண்ணெதிரே எண்ணெய்க் கப்பல்கள் எரிந்தன. கடற்படையிடமோ ராணுவத்திடமோ போதுமான விமானம் இல்லை. மார்ச்சில், சரி, பறந்து காட்டுங்கள் என்று விட்டார்கள். அட்லாண்டிக் சிட்டியிலும் டெலவேரின் ரெஹோபத் கடற்கரையிலும் தொடங்கி, மேய்ன் மாநிலத்திலிருந்து டெக்சாஸ் முனை வரை 21 தளங்கள் ஆயின.

எந்த விமானம் என்று கேட்டீர்களே, எது கையில் இருந்ததோ அது. ஸ்டின்சன் வாயேஜர், ஃபேர்சைல்டு 24, வேகோ, சில பணக்காரர்களின் பீச்கிராஃப்ட். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு சுற்று போய்வர வாங்கியவை. ஒவ்வொன்றும் ஒரு நிறம், முதலாளியின் ரசனைப்படி. அதன்மேல் நீல வட்டம், வெள்ளை முக்கோணம், நடுவில் சிவப்பு மூவிதழ் விசிறி என்று அமைப்பின் சின்னத்தை ஒட்டிக்கொண்டு கடலுக்கு மேல் போனார்கள், இரண்டிரண்டாக. ஒற்றை எஞ்சின் கடல்மேல் நின்றுபோனால் தண்ணீர்தான். கூட வருகிறவர், விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ரேடியோவில் சொல்லலாம், அவ்வளவே. அப்படிக் கடலில் இறங்கிப் பிழைத்து வந்தவர்களுக்கு 'டக் கிளப்' என்று ஒரு வாத்துச் சின்னம் கொடுத்தார்கள். சாவைக் கேலிசெய்ய அவர்களுக்கு வாத்து. நம் ஊராக இருந்தால் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்போம்.

முதலில் ஆயுதம் கிடையாது, பார்த்துச் சொல்லும் வேலை மட்டும்தான். அமைப்பு விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1942 மே மாதம் ஃபுளோரிடாவின் கேப் கானவெரல் அருகே ஒரு நீர்மூழ்கி ஆழமில்லாத இடத்தில் சேற்றில் சிக்கிக்கொண்டதாம். ரின்கர், மேனிங் என்ற இருவர் மேலே வட்டமடித்தபடி குண்டுவீச்சு விமானத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். அது வந்து சேருவதற்குள் நீர்மூழ்கி நழுவிப் போய்விட்டது. அதைக் கேட்டுக் கொதித்துப்போய்த்தான் இந்தக் குட்டி விமானங்களுக்கும் குண்டு கட்டச் சொன்னார்கள் என்று முடியும் கதை. கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம், ஆனால் குண்டு கட்டியது உண்மை. சின்ன விமானத்துக்கு 100 பவுண்டு குண்டு, கொஞ்சம் பெரியதுக்கு, தண்ணீருக்குள் போய் வெடிக்கும் 325 பவுண்டு வெடிபீப்பாய். 100 பவுண்டு என்றால் 45 கிலோ. ஓட்டுபவர், பார்வையாளர், எண்ணெய் எல்லாம் ஏறிய பிறகு வயிற்றில் கிட்டத்தட்ட ஒரு அரிசி மூட்டையையும் தொங்கவிட்டால் ஒரு ஸ்டின்சன் ஓடுதளத்தின் முடிவில் எப்படி எழும்பியிருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

இரண்டை மூழ்கடித்தார்களா என்றால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். போர்க்காலத்தில் அப்படி நம்பினார்கள், வெகுகாலம் எல்லாப் புத்தகங்களிலும் இருந்தது. அதில் ஒன்று, அட்லாண்டிக் சிட்டியிலிருந்து போன ஒரு கிரம்மன் விட்ஜன் கணக்கில் எழுதப்பட்டது. விட்ஜன் நீரிலும் நிலத்திலும் இறங்கும் இரட்டை எஞ்சின் விமானம். அவர்கள் குண்டு போட்டதும், கடல்மேல் எண்ணெய் மிதந்ததைப் பார்த்ததாகச் சொன்னதும் சரி. ஆனால் போருக்குப் பிறகு கைக்கு வந்த ஜெர்மன் கடற்படைப் பதிவுகளில் அந்த இரண்டுக்கும் ஈடாக ஒரு இழப்பும் இல்லை. காணொளிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பழைய கணக்கைப் படித்திருப்பார்.

ஆனால் இதனால் அவர்கள் செய்த வேலை சிறுத்துப்போகிறது என்று நான் நினைக்கவில்லை. அன்றைய நீர்மூழ்கி நிஜத்தில் ஒரு கப்பல்தான். ஆபத்து வந்தால் முங்கத் தெரிந்த கப்பல். தண்ணீர்மேல் டீசலில் போனால்தான் அதற்கு வேகம். முங்கிவிட்டால் பேட்டரியில் ஓட வேண்டும், வேகம் பாதிகூட இருக்காது. மேலே ஏதோ பறக்கிறது என்று தெரிந்தால் அது குண்டுவீச்சு விமானமா, பல் டாக்டர் ஒருவரின் ஃபேர்சைல்டா என்று நின்று ஆராய்ச்சி செய்ய மாட்டார்கள். முங்கத்தான் வேண்டும். முங்கியவனால் கப்பலைத் துரத்திப் பிடிக்க முடியாது. 1943 ஆகஸ்ட் கடைசியில் கடற்படை இந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்வரை 18 மாதத்தில் 173 முறை நீர்மூழ்கி தென்பட்டதாகத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். அதில் சில திமிங்கிலங்களாகவும் இருந்திருக்கும். 90 விமானங்களை இழந்தார்கள், 26 பேர் இறந்தார்கள். விமானிக்கு நாள்படி 8 டாலர்.

எனக்குப் பிடித்த விமானம் இதில் குண்டே போடவில்லை. சிக்கோர்ஸ்கி எஸ்-39. பெயரைக் கேட்டு ஹெலிகாப்டர் என்று நினைக்காதீர்கள், சிக்கோர்ஸ்கி அதற்கு முன்னால் செய்துகொண்டிருந்த படகு விமானங்களில் ஒன்று. ஒரு படகு, அதற்கு மேலே குடை பிடித்த மாதிரி கம்பிகளில் நிற்கும் இறக்கை, இறக்கை மட்டத்தில் ஒற்றை எஞ்சின். பார்க்க நன்றாகவே இருக்காது. 1942 ஜூலை 21 அன்று ரெஹோபத் தளத்தின் ஃபேர்சைல்டு ஒன்று கடலில் விழுந்தது. ஹியூ ஷார்ப் என்பவரும் எடி எட்வர்ட்ஸும் ஷார்ப்பின் சொந்த எஸ்-39ல் போய், இறங்கவே கூடாத அலையில் இறங்கினார்கள். ஒருவரைத் தூக்கிவிட்டார்கள், இன்னொருவர் கிடைக்கவில்லை. இறங்கிய வேகத்தில் ஒரு பக்கத்து மிதவை நசுங்கிவிட்டது. மறுபடி பறக்க முடியாது. அந்தப் பக்கத்து இறக்கை தண்ணீரில் சாய்ந்தால் விமானமே கவிழும். எட்வர்ட்ஸ் வெளியே ஏறி, எதிர்ப்பக்க இறக்கையின் நுனிக்குப் போய், தன் எடையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷார்ப் விமானத்தைப் படகாக ஓட்டினார். ராட்டினத் தூரியில் எதிர்ப்பக்கம் ஆளில்லாவிட்டால் நம் பையன்கள் செய்வது இதுதான். ஆனால் இவர் அட்லாண்டிக் கடலில், அலை முகத்தில் அடிக்க, மணிக்கணக்கில். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1943ல் இருவருக்கும் ஏர் மெடல் கொடுத்தார்.

போருக்குப் பிறகு கதை சாதுவாகிவிடுகிறது. 1948ல் சட்டப்படி விமானப்படையின் துணை அமைப்பு ஆனார்கள். அதன் பலன், அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவது மாதிரி, படை கழித்த விமானமெல்லாம் இங்கே வந்தது. பைப்பர் கப்பின் ராணுவ வடிவமான எல்-4, ஸ்டின்சன் எல்-5, ஏரோங்கா எல்-16, பிறகு பேர்ட் டாக். டி-34 மென்டரும் வந்தது. பயிற்சி விமானம், ஓட்டுகிறவருக்குப் போர் விமானம் மாதிரி சுகம். தேடலுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். இறக்கை உடம்புக்கு அடியில் இருக்கிறது. கீழே பார்க்கலாம் என்று குனிந்தால் பாதிக் காட்சியை இறக்கை மறைத்துக்கொள்ளும்.

இதோ உங்கள் கேள்விக்கே வந்துவிட்டேன். எல்-4, எல்-5, பேர்ட் டாக், இன்றைய செஸ்னா 172, 182, 206 எல்லாவற்றிலும் இறக்கை தலைக்கு மேலே. இறக்கைக்குக் கீழே ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஆள். இந்த அமைப்பு 80 வருடமாகப் பறக்கவிடுவது அடிப்படையில் இந்த ஜன்னலைத்தான் என்பது என் எண்ணம். சில வருடங்கள் முன்பு நண்பர் ஒருவரின் 172ல் பின் இருக்கையில் போனேன். கிளம்புமுன் அவர் இறக்கைத் தொட்டியின் அடியில் ஒரு கண்ணாடிக் குழலைக் குத்தி, இளநீலமாக இறங்கிய எண்ணெயை வெயிலில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து மாதிரி உருளும். மேலே போனதும், ஆயிரம் அடியில், கீழே ஒரு தோட்டத்தில் காயப்போட்டிருந்த துணியின் நிறம் தெரிந்தது. நாற்காலி எத்தனை என்று எண்ணினேன். இதை ஜெட் விமானத்தில் செய்ய முடியாது. மணிக்கு 160, 170 கிலோமீட்டரில் தொங்கிக்கொண்டே போனால்தான் உண்டு. செலவும் மணிக்கு முப்பது லிட்டர் சொச்சம் எண்ணெய்தான்.

பார்ப்பதற்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. தேடுபவர் கண்ணை ஓடவிடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு இடத்தில் நிறுத்து, பார், கொஞ்சம் தள்ளு, மறுபடி நிறுத்து. ஓடுகிற கண் எதையும் பார்ப்பதில்லை. விழுந்த விமானத்தின் அவசர ஒலிபரப்பியைத் தேட இறக்கையையே கருவியாக்கும் ஒரு தந்திரமும் உண்டு. விமானத்தைச் சாய்த்து வட்டம் அடிப்பார்கள். இறக்கை ஆன்டெனாவை மறைக்கும் கணத்தில் ரேடியோவில் சத்தம் அமுங்கும். அமுங்கிய திசையிலிருந்து ஒலிபரப்பி எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிடலாம். கண்டுபிடித்துப் போனால் பெரும்பாலும் ஏதோ ஒரு கொட்டகையில் பத்திரமாக நிற்கும் விமானத்தில் அது தப்பாக அலறிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

நவீனக் கருவியையும் முயன்று பார்க்காமல் இல்லை. ஆஸ்திரேலிய ஏர்வேன் விமானங்களை வாங்கி, 'ஆர்ச்சர்' என்ற கருவியை ஏற்றினார்கள். மனிதக் கண்ணுக்குப் பிரித்தறிய முடியாத நிறப் பட்டைகளைப் பிரித்துப் பார்த்து, காட்டுப் பச்சையில் கிடக்கும் அலுமினியப் பெயின்டைக் காட்டிக்கொடுக்கும் என்றார்கள். 2007 செப்டம்பரில் சாகச விமானி ஸ்டீவ் ஃபாசெட் நெவாடாவில் காணாமல் போனபோது அதுவும் பறந்தது, சாதாரண செஸ்னாக்களும் பறந்தன. வாரக்கணக்கில் தேடினார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத பழைய விபத்துகளின் சிதைவுகள் அரை டஜனுக்கு மேல் கிடைத்தன. ஃபாசெட் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கலிஃபோர்னியா மலையில் நடந்துபோன ஒருவர் அவருடைய அடையாள அட்டைகளைக் கண்டெடுத்த பிறகுதான் சிதைவு கிடைத்தது. ஆக, கருவியும் தோற்றது, ஜன்னலும் தோற்றது. தேடிய பரப்பு அப்படி.

இன்றைக்கு டிரோன் அவர்களிடமும் இருக்கிறது. செல்போன் கோபுரப் பதிவையும் ரேடார் பதிவையும் வைத்து, விமானம் கிளம்பாமலே தேடும் இடத்தைச் சுருக்கும் குழுக்களும் இருக்கின்றன. ஆனால் வெள்ளம் வந்த மறுநாள் மூன்று மாவட்ட அகலத்தைப் படம்பிடிக்க வேண்டுமென்றால் 182தான் போகிறது. 2001 செப்டம்பர் 12 அன்று நாட்டின் வானமே மூடிக்கிடந்தபோது உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளுக்கு மேலே பறந்து படம் எடுத்ததும் இவர்களுடைய ஒரு செஸ்னாதான். இப்போது சுமார் 550 விமானங்கள் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் ஒற்றை எஞ்சின் செஸ்னாவை இவ்வளவு வைத்திருப்பவர்கள் வேறு யாருமில்லை.

இன்னொன்று. கேடட்டுகளுக்கு எஞ்சின் விமானத்தில் ஐந்து முறை, எஞ்சினே இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடரில் ஐந்து முறை என்று பறக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் வைத்திருக்கும் கிளைடர்களில் ஏஎஸ்கே-21 ஒன்று, வெள்ளை வெளேரென்று அழகான சாமான், ஜெர்மனியில் செய்தது. ஜெர்மன் நீர்மூழ்கியைத் துரத்தியவர்களின் பேத்திகள் அதில் உட்கார்ந்து சத்தமில்லாமல் இறங்கப் பழகுகிறார்கள். உங்கள் பேத்தி கிளைடரில் ஏறிவிட்டாளா? ஏறியிருந்தால் எந்தக் கிளைடர் என்று கேட்டு எழுதுங்கள், படமும் அனுப்பச் சொல்லுங்கள்.