குடிக்காதவரின் கல்லீரல்

அன்புள்ள ஐயா,

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் என் அண்ணனுக்கு 52 வயது. மதுவைத் தொட்டதே இல்லை. ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்ததும், ஒளித்துக் குடிக்கிறாரோ என்று மைனியே சந்தேகப்படுகிறார். கொழுப்பு சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகுமா? லெப்டின் மாத்திரை கொடுக்கலாமா? தேங்காய் எண்ணெயை நிறுத்த வேண்டுமா?

வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

தேங்காய் எண்ணெயை அளவோடு ஊற்றுங்கள். அதற்குமேல் அதைப் பேச வேண்டியதில்லை. ஆனால் படித்த நீங்கள் மாத்திரையை நம்பலாமா? லெப்டின் ஒரு புரதம். விழுங்கினால் தட்டிலிருக்கும் சாளை மீனைப் போலச் செரித்துவிடும். உடலில் கொழுப்புச் சேமிப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் என 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டறிந்தது அதைத்தான். பருத்தவர் உடலில் அது ஏற்கெனவே மிகுந்திருக்கிறது; மூளைதான் செவிகொடுப்பதில்லை.

மைனியின் சந்தேகம்தான் என்னை உறங்கவிடவில்லை. மார்த்தாண்டத்திலிருந்த என் தாய்மாமா, அக்கானி என்ற பதநீரைத் தவிரப் பனையிலிருந்து இறங்கிய எதையும் குடித்ததில்லை. கைகால்கள் மெலிந்தே இருந்தன. வயிறு மட்டும் வளர, அரைஞாண் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து நீட்டிக் கட்டிக்கொண்டார். கல்லீரல் புற்றுநோயில் அவர் இறந்த அன்று, "ஒளிச்சுதான் குடிச்சிருப்பாரு" என்று பந்தலடியில் ஒருவர் சொன்னதை, தண்ணீர்ச் செம்போடு வந்த மாமி கேட்டுவிட்டு அப்படியே நின்றார்.

கொழுப்பு வெறும் மூட்டையன்று; அதுவும் ஒரு சுரப்பி. குடலைச் சுற்றிப் படிந்த கொழுப்பின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. அழற்சியைத் தணித்து, இன்சுலினுக்குச் செல்களை இசையவைக்கும் அடிபோனெக்டின் என்ற கொழுப்பு ஹார்மோன் தொப்பை வளர வளரக் குறைகிறது. மிகுந்துபோன லெப்டினோ கல்லீரலின் ஸ்டெல்லேட் செல்களைத் தூண்டித் தழும்பு நார் படியவைக்கிறது, ஆய்வுக்கூடத்தில் புற்றுச்செல்களின் பெருக்கத்தையும் தூண்டியிருக்கிறது. இவை மட்டுமே காரணமல்ல. இன்சுலினுக்கும் நாள்பட்ட அழற்சிக்கும் பங்குண்டு. கல்லீரல் முழுக்கத் தழும்பேறும் சிரோசிஸ் வந்தபின் அடிபோனெக்டின் இரத்தத்தில் கூடுவதும் உண்டு என்பதால், அதன் அளவைப் பார்த்துப் புற்றுநோயைக் கணிக்க முடியாது. கல்லீரலில் கொழுப்புள்ள பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதுமில்லை.

இந்தக் கல்லீரல் கொழுப்பு நோயை 'மது சாராதது' என்று மதுவை வைத்தே அழைத்துவந்த மருத்துவ உலகம்கூட, 2023இல் அந்தப் பெயரைக் கைவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்தது என்று மாற்றிக்கொண்டது. நம் ஊர் வாய்தான் இன்னும் மாறவில்லை.

அண்ணனை நாகர்கோவிலுக்கு அழைத்துச்சென்று, தழும்பு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு அழற்சி தணிகிறது. அதற்கெல்லாம் முன்பு, இன்றிரவே இந்தக் கடிதத்தை மைனிக்கு வாசித்துக் காட்டுங்கள்; அண்ணனும் கேட்கும்படி வாசியுங்கள்.