குண்டோதரனுக்கு விசா கொடுத்தது யார்?

கேள்வி: நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள்கூட கனடா, ஆஸ்திரேலியா என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். பணத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா? எத்தனை வருடம் இருந்தாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு இவர்கள் வந்தேறிகள்தானே? சொந்த மண்ணில் ராஜாவாக இருப்பதை விட்டுவிட்டு அங்கே போய் ஏன் ஒண்டிக்கொண்டிருக்க வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தெற்கு மாசி வீதி, மதுரை

பதில்: இரண்டு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் ‘வந்தேறி’ என்று எழுதிவிட்டீர்கள். அதுவும் மாசி வீதியில் உட்கார்ந்துகொண்டு. அந்த நான்கு வீதிகளுக்கும் நடுவில் குடியிருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருமுறையாவது விசாரித்தீர்களா, ஐயா?

மீனாட்சி இந்த ஊர்ப் பெண். அதில் சண்டை இல்லை. பாண்டியன் மகள், முடிசூடி ஆண்டவள், எட்டுத் திக்கும் படை நடத்தியவள். சொக்கர்? கயிலாயத்துக்காரர். வருடம் முழுவதும் பனி உறைந்து கிடக்கும் இடத்திலிருந்து கல்யாணத்தைச் சாக்கிட்டு வைகைக்கரைச் செழிப்புக்கு வந்து சேர்ந்த வீட்டோடு மாப்பிள்ளை. இந்தக் காலத்தில் இதைத் துணைவர் விசா என்பார்கள். இடுப்பில் புலித்தோல், கையில் திருவோடு, சொத்து என்று காட்ட ஒரு காளைமாடு, நிரந்தர முகவரி சுடுகாடு. எந்தத் தூதரகமும் இந்த விண்ணப்பத்தை ஜன்னலிலேயே திருப்பியிருக்கும். மதுரை ஏற்றுக்கொண்டது. சுந்தர பாண்டியன் என்று பெயரிட்டுக் கிரீடமும் வைத்தது. இன்றைக்கும் கோயில் முறைப்படி சித்திரையிலிருந்து ஆவணி வரை நான்கு மாதம் மீனாட்சியின் ஆட்சி, மீதி எட்டு மாதம் மாப்பிள்ளையின் ஆட்சி. மண்ணின் மகளுக்கு நான்கு, வந்தவருக்கு எட்டு. இதைக் கண்டித்துத் தெற்கு மாசி வீதியில் ஊர்வலம் போனதாக எனக்குத் தகவல் இல்லை.

அவர் தனியாகவும் வரவில்லை. குண்டோதரன் என்று ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். குடிவருகிறவர்களைப் பற்றி எல்லா நாட்டிலும் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு, ‘நம் சோற்றைத் தின்கிறார்கள்’ என்பது. குண்டோதரன் விஷயத்தில் அது முழு உண்மை. கல்யாணத்துக்குச் சமைத்த மலை மலையான சோற்றை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தான். பிறகு தாகம் என்றான். ஊர்க் கிணறும் குளமும் வற்றின. வேறு வழியில்லாமல் ‘வை கை’ என்று சொல்லி ஆற்றையே வரவழைக்க வேண்டியதாயிற்று. ஆக, நமக்கு வைகை கிடைத்ததே அந்த வந்தேறி குடித்த தண்ணீரால்தான். அவன் மிச்சம் வைத்த ஆற்றையும் அதன் மணலையும் பின்னாளில் லாரி லாரியாக அள்ளித் தீர்த்தவர்கள் யார் என்று பார்த்தால், அத்தனை பேரும் மண்ணின் மைந்தர்கள். (இந்த மணல் விவகாரத்தை நான் எங்கு போனாலும் இழுப்பதாக வாசகர்கள் குறைப்படுகிறார்கள். ஆற்றில் மணல் திரும்பட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.)

வேலை? சர்வ லோகத்தையும் ஒடுக்குகிற பொறுப்பில் யுகக்கணக்கான அனுபவம் உள்ளவர், இந்த ஊரில் விறகு விற்றார், வளையல் விற்றார், கடைசியில் கூலிக்குப் பிட்டு வாங்கிக்கொண்டு மண் சுமந்தார். டொராண்டோவில் இறங்கும் நம் இன்ஜினியரிடம் ‘கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா’ என்று கேட்டு, இல்லையென்றதும் டாக்சி ஓட்ட விடுகிறார்களே, அதே கதை. அப்படிக் கேட்பதே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இல் ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது. பாண்டியன் அறிக்கைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. வேலை சரியில்லை என்று பிரம்பால் ஒன்று போட்டான். அது அவன் முதுகு உட்பட ஊரில் இருந்த எல்லோர் முதுகிலும் விழுந்தது. ஆவணி மாதம் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்குப் போனால் வருடாவருடம் இதைத் திருவிழாவாகவே பார்க்கலாம். வருகிற ஆவணியில் நீங்களும் போங்கள்.

சாமி கதை வேண்டாம், மனிதர் கதை சொல் என்பீர்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வீட்டில் பேசியது தெலுங்கு. அவர் அரண்மனையைச் சுற்றிக் குடியிருந்து பட்டு நெய்த சௌராஷ்டிரர்களின் முன்னோர் குஜராத்தில் புறப்பட்டு, விஜயநகரம் வழியாக இங்கே வந்தவர்கள். மதுரையின் அடையாளம் என்று 2005இல் புவிசார் குறியீடு வாங்கினோமே, சுங்குடி, அது அவர்கள் கைவேலை. தமிழ் உச்சரிப்பென்றால் இவரிடம் கற்றுக்கொள் என்று இன்றும் கைகாட்டுகிற டி. எம். சௌந்தரராஜன் 1922இல் இதே மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். யாரை எந்த பஸ்ஸில் ஏற்றி எங்கே அனுப்பப் போகிறீர்கள்?

விளக்குத்தூண் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஆயிரம் பேரில் அது யாருடைய ஞாபகமாக நிற்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிசயம். பிளாக்பர்ன் என்ற கலெக்டர். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்க வைத்தவர். ஊர் உள்ளுக்குள்ளேயே நெரிந்து கிடந்தது. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடம் என்று அறிவித்தார். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி முளைத்தவை. வெள்ளைக்காரன் பெயரை எடு என்று எனக்குக் கடிதம் எழுதுகிற நண்பருக்கு நான் மறுபடியும் சொல்கிறேன்: தாராளமாக எடுக்கலாம், முதலில் சுவரைத் திரும்பக் கட்டுங்கள்.

சரி, கனடா. பணம் ஒரு காரணம், யார் இல்லையென்றது? ஆனால் பணம் மட்டும்தான் என்றால் துபாய் போதும். சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, மதுரையிலிருந்தே விமானம் ஏறலாம், தீபாவளிக்கு வந்து போகலாம். கனடாவில் வரி உண்டு, பனி உண்டு, வீட்டு வாடகை கழுத்தை நெரிக்கும். இருந்தும் போகிறார்கள். துபாயில் இருபது வருடம் உழைத்தவரும் பெரும்பாலும் வேலை முடிந்ததும் பெட்டி கட்ட வேண்டியவர்தான். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அங்கே இருந்துவிட்டால் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆக, எந்தத் தேதி வரைக்கும் வந்தேறி என்று அங்கே கணக்கிருக்கிறது. நம்மிடம் அந்தக் கணக்குக் கிடையாது. ஏழு தலைமுறை ஆனாலும் ‘அவங்க வந்தவங்கதானே’ என்று திண்ணையில் சொல்லிக்கொண்டிருப்போம்.

1967இல் கனடாக்காரர்கள், குடியேற வருகிறவர்களைத் தேர்ந்தெடுக்கப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தார்கள். வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை. கட்-ஆஃப் மார்க்கிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பழகிய விஷயம் உலகத்தில் உண்டா? தன் மார்க்கைத் தானே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் சிபாரிசுக் கடிதத்துக்கு நிற்க வேண்டாம். சிபாரிசு வேண்டாத ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தால் பாதி ஊர் அங்கே போய் வரிசையில் நிற்கும். (இதையும் காசாக்கி, முப்பதே நாளில் கனடா என்று பைபாஸ் ரோட்டில் போர்டு வைத்திருக்கும் தரகர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எழுதுவேன்.)

பல பண்பாடுகள் என்பதை 1971இல் அரசின் கொள்கையாக அறிவித்து, 1988இல் சட்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளை அதனால் அரைக் கனடியன் ஆகிவிடாது. ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக 2016இல் அவர்கள் நாடாளுமன்றம் ஏற்றது. இதைச் சொன்னால் உடனே கனடாவைச் சொர்க்கமாக்குகிறான் என்பீர்கள். 1914இல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கோமகட்டா மாரு கப்பலில் இருந்த 376 இந்தியர்களில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களை இறங்கவே விடாமல் திருப்பியனுப்பிய நாடும் அதுதான். நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2016 ஆயிற்று. 2024இல், வீடு போதவில்லை என்று சொல்லி, 2025ஆம் ஆண்டுக்கு 5,00,000 பேருக்கு நிரந்தர வசிப்புரிமை என்றிருந்த இலக்கை 3,95,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். விதி மாறுகிறது. மாறுவதையும் எழுதி ஒட்டுகிறார்கள்.

ஒண்டிக்கொண்டிருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேரி ஆனந்தசங்கரி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1983இல் சிறுவனாகக் கனடா போய்ச் சேர்ந்தார். 2015இல் நாடாளுமன்ற உறுப்பினர், 2023இல் அமைச்சர். அதே 1983 கலவரத்துக்கும் அதன் பிறகு வந்த போருக்கும் தப்பி, விமான டிக்கெட்டுக்குக் காசில்லாமல் படகேறியவர்கள் நம் கரையில் இறங்கினார்கள். அப்படி வந்தவர்களுக்கான முகாம்களில் மூன்று நம் மாவட்டத்தில் இருக்கின்றன: ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர். ஆம், மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர்தான். எவருக்காக வைகை பெருகி, அந்தக் கூலியாள் மண் சுமந்து அடி வாங்கினாரோ, அவர் ஊர். 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று போர்டை மாற்றியது. குடியுரிமை சென்னையின் கையில் இல்லை, டெல்லியின் கையில் இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் என்றால் நம் சட்டத்தில் விண்ணப்பிக்கவே வழியில்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்த பிள்ளை, தாய் தந்தை இருவருமே இந்தியக் குடிமக்கள் இல்லையென்றால், இங்கே பிறந்ததால் மட்டும் குடிமகன் ஆகாது. ஆவணம் இல்லாமல் வந்தவர்களில் சிலருக்கு வழிவிட்ட 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் இருக்கின்றன. இலங்கை இல்லை.

உங்கள் ‘சொந்த மண்’ணுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். அவர்களுடைய பூட்டனும் பாட்டனும் மதுரை, திருச்சி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள். 1948இல் இலங்கை, நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கியது. பேரன் திரும்பி வந்தால் நாம், நீ இலங்கையிலிருந்து வந்தவன் என்கிறோம்.

பிள்ளைகள் ஏன் கனடா போகிறார்கள் என்று கேட்க நீங்கள் டொராண்டோவுக்குப் போன் போட வேண்டாம். ஆனையூருக்கு டவுன் பஸ் போகிறது. அந்த முகாமில் பிறந்து, நம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கனடாவுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், ‘எந்த நாட்டுக் குடிமகன்’ என்ற கட்டத்தில் எதை நிரப்புவது? தெரிந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.