அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மீதான அரசின் அழுத்தம் மாணவர் சேர்க்கையைப் பாதிக்குமா?

கேட்டிருப்பவர் சென்னையில் இருக்கும் ஒரு அப்பா. மகள் உயிரியலில் பிஎச்டி செய்ய அமெரிக்கா போக நினைக்கிறாள். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், அவனுக்கும் பட்டப்படிப்புக்கே அங்கு போக ஆசை. ட்ரம்ப் அரசு ஹார்வர்ட், கொலம்பியா போன்ற பல்கலைக்கழகங்களோடு மோதுவதால் அட்மிஷன் கடினமாகுமா, அல்லது சிலர் சொல்வதுபோல் நம் பிள்ளைகளுக்குச் சாதகமா என்பது அவர் கேள்வி.

பாதிக்கும். உங்கள் மகளை முதலில், அதிகமாகப் பாதிக்கும். மகனை அப்புறம், வேறு விதமாக.

நான் நியூ ஜெர்சியில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். 2025-இல் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இந்தச் சுழலில் சிக்கினார்கள். ஒருவன் கோவையில் இருக்கும் என் அக்கா மகன். இன்னொருத்தி இங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள். அதனால் செய்தியில் படித்ததோடு கண்ணால் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அக்கா மகன் 2024 டிசம்பரில் உயிர்வேதியியல் பிஎச்டிக்கு ஏழு இடங்களில் விண்ணப்பித்தான். ஜனவரி கடைசியில் ஒரு பேராசிரியர் வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் பேசினார். தன் ஆய்வகத்தில் அவன் என்ன வேலை செய்யலாம் என்பதுவரை பேச்சு போனது. துறைக்குப் பரிந்துரைத்துவிட்டதாகவும் சொன்னார். அக்கா வீட்டில் பெட்டி வாங்குவது பற்றிக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மார்ச் இரண்டாம் வாரம் நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நிதி நிலைமை தெளிவாக இல்லாததால் இந்த ஆண்டு துறை புதிதாக யாரையும் சேர்க்கவில்லை என்று இருந்தது. அன்று இரவு எனக்கு அழைத்து, "சித்தி, இன்டர்வியூல நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்டான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று புரியவைக்க எனக்குப் பல நாள் ஆனது.

இது ஏன் நடக்கிறது என்பதை நம் ஊரில் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அமெரிக்காவில் அறிவியல் பிஎச்டி மாணவர் பொதுவாகக் கட்டணம் கட்டுவதில்லை. கட்டணத்தையும் ஏற்று, வாழ்க்கைச் செலவுக்கு ஸ்டைபண்டும் தருவார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பேராசிரியர் அமெரிக்க மத்திய அரசின் என்ஐஎச் (தேசிய சுகாதார நிறுவனங்கள்), என்எஸ்எஃப் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) போன்ற அமைப்புகளிடம் வாங்கும் ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறது. ஒரு மாணவரைச் சேர்த்தால் ஐந்தாறு ஆண்டு பொறுப்பு. அடுத்த ஆண்டு நிதி வருமா என்று தெரியாத துறை அந்தப் பொறுப்பை எப்படி ஏற்கும்?

2025 பிப்ரவரி 7 அன்று என்ஐஎச் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆராய்ச்சி நிதியோடு கட்டடம், மின்சாரம், அலுவலகம் ஆகியவற்றுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகை இனி எல்லோருக்கும் 15 சதவீதம்தான் என்றது. அதுவரை பெரிய இடங்கள் 50, 60 சதவீதம்கூட வாங்கிவந்தன. நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் பிப்ரவரியும் மார்ச்சும்தான் பிஎச்டி ஆஃபர்கள் போகும் மாதங்கள். வழக்கு முடியும்வரை எந்தத் துறையும் காத்திருக்க முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த பிஎச்டி ஆஃபர்களையே அந்த வசந்தத்தில் திரும்பப் பெற்றது. 50 பில்லியன் டாலருக்கு மேல் வைப்பு நிதி (நன்கொடையில் சேர்ந்த முதலீட்டு நிதி) வைத்திருக்கும் ஹார்வர்டே அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பிஎச்டி இடங்களைப் பெருமளவு குறைப்பதாக அக்டோபரில் தெரியவந்தது. விண்ணப்பம் நன்றாக இல்லை என்று தள்ளினால் திருத்தி மறுபடி முயலலாம். இடமே இல்லையென்றால் என்னத்தைத் திருத்துவது?

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே அழுத்தம் நேரடியாகவே வெளிநாட்டு மாணவர்மேல் விழுந்தது. 2025 ஏப்ரல் 11 அன்று ஹார்வர்டுக்குப் போன அரசுக் கடிதத்தில், சேர்க்கை முறையை மாற்றுங்கள், தரவுகளை எங்களுக்குக் கொடுங்கள், அமெரிக்க விழுமியங்களுக்கு எதிரான வெளிநாட்டு மாணவர்களைச் சலித்து ஒதுக்குங்கள் என்றெல்லாம் இருந்தது. ஏப்ரல் 14 அன்று ஹார்வர்ட் மறுத்தது. அன்றே 2.2 பில்லியன் டாலர் நிதி முடக்கப்பட்டது. மே 22 அன்று வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியையே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ரத்து செய்தது. மறுநாள் பாஸ்டன் நீதிபதி அலிசன் பரோஸ் தடை கொடுத்தார். பிறகு செப்டம்பர் 3 அன்று நிதி முடக்கமும் சட்டவிரோதம் என்று அவரே தீர்ப்பளித்தார். இதையெல்லாம் நீதிமன்றச் செய்தியாகப் படித்தால் ஹார்வர்ட் ஜெயித்ததுபோல் தெரியும். ஒரு மாணவன் இடத்திலிருந்து பாருங்கள். எந்தக் கல்லூரி என்று முடிவுசெய்து சொல்ல வேண்டிய கடைசி நாள் மே 1. மற்ற எல்லா ஆஃபரையும் வேண்டாம் என்று எழுதிவிட்டு மூன்று வாரம் கழித்து, நீ இங்கே சேரவே முடியாது என்ற செய்தி வருகிறது. அங்கே சுமார் 6,800 வெளிநாட்டு மாணவர்கள், மொத்தத்தில் கால்வாசிக்கு மேல். அந்த ஓர் இரவை அவர்கள் எப்படிக் கழித்திருப்பார்கள்!

அதே மே மாதம் 27-ஆம் தேதி உலகம் முழுவதும் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜூன் 18 அன்று மறுபடி திறந்தபோது, சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தேதி கிடைக்குமா என்று கணினி முன் தவம் கிடக்கும் மாதங்கள் அவை. அட்மிஷன் கையில் இருந்தும் வகுப்பு தொடங்குமுன் போய்ச்சேர முடியாதவர்கள் உண்டு. 2025 இலையுதிர் பருவத்தில் அமெரிக்காவில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை 17 சதவீதம் குறைந்தது.

கொலம்பியா வேறு வழி எடுத்தது. மார்ச் 7 அன்று அதற்கான 400 மில்லியன் டாலர் அரசு நிதி ரத்தானது. ஜூலை 23 அன்று 200 மில்லியன் டாலர் கட்டுவதாக அரசோடு ஒப்பந்தம் போட்டது. தனியாக இன்னொரு 21 மில்லியனும் உண்டு. தேர்வானவர், நிராகரிக்கப்பட்டவர் இரு தரப்பின் இனம், மதிப்பெண், தேர்வு முடிவு ஆகிய விவரங்களை அரசுக்குத் தர ஒப்புக்கொண்டது. இந்தியப் பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு வரியும் அதில் உண்டு: வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை நம்பி இருப்பதைக் குறைக்க நடவடிக்கை எடுப்போம் என்பது. மாணவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் வெளிநாட்டவராக உள்ள பல்கலைக்கழகம் எழுதிக்கொடுத்தது இது.

அக்டோபர் 1 அன்று எம்ஐடி, பிரவுன், டார்ட்மவுத் உட்பட ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு ஓர் உடன்படிக்கை அனுப்பப்பட்டது. இளநிலை மாணவர்களில் வெளிநாட்டவர் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, ஒரே நாட்டிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, எஸ்ஏடி போன்ற பொது நுழைவுத் தேர்வு கட்டாயம் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. ஏற்றால் அரசு நிதியில் முன்னுரிமை. எம்ஐடிதான் முதலில் மறுத்தது. இந்த 5 சதவீதத்தைக் கேட்டு நம்மவர்கள் பதறினார்கள். அது இளநிலைக்கு மட்டும். 2024-25-இல் அமெரிக்காவில் இருந்த 3,63,000 இந்திய மாணவர்களில் இளநிலையில் இருந்தவர்கள் சுமார் 40,000 பேர்தான். ஏறக்குறைய பாதிப் பேர் மேற்படிப்பில் இருந்தார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு இந்த உச்சவரம்பைவிடப் பணம்தான் பெரிய கவலை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற மிகச் சில இடங்களே வெளிநாட்டு மாணவரின் குடும்ப வசதியைப் பார்க்காமல் சேர்த்து, தேவைக்கேற்ப உதவியும் தருகின்றன. அவற்றின் வைப்பு நிதி வருமானத்துக்கான வரி 1.4 சதவீதமாக இருந்தது, 2025 ஜூலையில் வந்த சட்டப்படி மிகப் பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கு 8 சதவீதம்வரை உயர்கிறது. உதவித்தொகையும் அந்த வருமானத்திலிருந்துதான் வருகிறது.

இனி "நம்மவர்களுக்குச் சாதகமா?" என்ற கேள்வி. இனம் பார்க்காமல் மதிப்பெண் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு இடம் கூடும் என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளிப் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்வது அது, உங்கள் மகனுக்குப் பொருந்தாது. அவர்களுக்கே நிலவரம் ஒரே மாதிரி இல்லை. இனத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்ப்பது கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 ஜூன் 29 அன்று. அடுத்த ஆண்டு எம்ஐடியில் ஆசிய அமெரிக்க மாணவர் பங்கு 47 சதவீதமாக ஏறியது. அதே ஆண்டு யேலில் 30-லிருந்து 24 சதவீதமாக இறங்கியது. எம்ஐடியில் கறுப்பின மாணவர் பங்கு 13-லிருந்து 5 சதவீதமானது. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

என் மகளிடம் நான் பார்த்தது இன்னொன்று. தமிழ் மட்டுமே தெரிந்த தன் பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்த அனுபவத்தைத்தான் விண்ணப்பக் கட்டுரையாக எழுதியிருந்தாள். டாக்டர் சொன்ன ஒரு கெட்ட செய்தியைப் பாட்டியிடம் எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியாமல் நின்றதை எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை. என் கணவர் படித்துவிட்டு, "பாட்டி, தமிழ் எதுவும் வேண்டாம்மா, ரோபாட்டிக்ஸ் பத்தி எழுதிடு" என்றார். அவள் என்னிடம் வந்து, "அம்மா, பாட்டியப் பத்தி எழுதினா அது என் ரேஸப் பத்தி எழுதின மாதிரியா?" என்று கேட்டாள்.

இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதலாம், அதைப் பல்கலைக்கழகம் பார்க்கலாம் என்று 2023 தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சொல்லியிருக்கிறார். ஆனால் வாழ்வனுபவத்தை எழுதச் சொல்வதும் இனத்தை மறைமுகமாகப் பார்ப்பதாகலாம் என்று 2025 ஜூலையில் அரசின் நீதி அமைச்சகம் ஒரு குறிப்பாணையில் எச்சரித்தது. ஆகஸ்டில், கல்லூரிகள் சேர்க்கைத் தரவை இனவாரியாகத் தர வேண்டும் என்று ஜனாதிபதி உத்தரவிட்டார். சேர்க்கை அதிகாரி என்ன செய்வார்? ஒவ்வொரு முடிவையும் நாளை ஒருவர் தோண்டிப் பார்ப்பார் என்ற நினைப்போடு படிப்பார். அந்தப் பயம் இங்கே பதினேழு வயதுப் பெண்ணின் மேஜைவரை வந்து, எந்தப் பாட்டியை எழுதலாம் என்று யோசிக்க வைக்கிறது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. அவளை அதையே அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள்.

வெளிநாட்டு மாணவருக்கு உடன்படிக்கை வைத்த அந்த 15 சதவீதம் என்ற எண் எனக்குப் பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறது. 1922-இல் ஹார்வர்டின் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவல், யூத மாணவர்கள் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கப் பார்த்தார். அப்போது அவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள். வெளிப்படையான வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அதே வேலை வேறு வழியில் நடந்தது. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள், குணநலன் என்று ஒன்றை மதிப்பிட்டார்கள். இன்றைக்கும் மதிப்பெண்ணோடு ஆளுமையையும் எடைபோடும் பழக்கத்தின் வேரில் ஒன்று அங்கே இருக்கிறது. அதனால் பழைய முறை சுத்தமானது என்று நான் சொல்ல வரவில்லை. எஸ்ஏடி மதிப்பெண் கேட்பதிலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. எம்ஐடி 2022-லேயே, யாரும் மிரட்டாமல், தன் தரவைப் பார்த்துத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. யார் கற்பிப்பது, எதை, எப்படிக் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது என்ற நான்கும் பல்கலைக்கழகத்தின் சுதந்திரங்கள் என்று 1957-இல் ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதினார். புற்றுநோய் ஆய்வுக்கான பணத்தை நிறுத்திவைத்துக்கொண்டு நான்காவதைப் பேரம் பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் மகனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எஸ்ஏடியை எழுதிவைக்கட்டும், அதைக் கட்டாயமாக்கும் இடங்கள் கூடிவருகின்றன. அமெரிக்காவோடு வேறு ஒரு நாட்டிலும், நம் நாட்டிலும் ஒவ்வொரு இடமாவது கையில் இருக்கட்டும். விசா கையில் வரும்வரை அவற்றை விட்டுவிட வேண்டாம்.

மகள் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்தையும் பார்க்கட்டும். அங்கே பிஎச்டி பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. என் அக்கா மகன் இப்போது பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்துகொண்டு மறுபடி விண்ணப்பிக்கிறான், இந்த முறை பாதி ஐரோப்பாவுக்கு. பேராசிரியர்களிடம் பேசும்போது, "உங்களிடம் இன்னும் எத்தனை ஆண்டுக்கு நிதி இருக்கிறது, நடுவில் நின்றால் மாணவரைத் துறை ஏற்குமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறான். போன முறை கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி. இரண்டு பேர் பட்டும்படாமல் பதில் சொன்னார்களாம், ஒருவர் கணக்கையே எடுத்துக் காட்டினாராம். உங்கள் மகளையும் கேட்கச் சொல்லுங்கள்.