காப்பகத்தின் கணக்கை யாரிடம் கேட்பது?

சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவில் முன்பு பால்மரம் சீவிய ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். செம்பனைக் காட்டோரம் உள்ள நாய்க் காப்பகத்துக்கு அவர் மாதந்தோறும் 30 ரிங்கிட் கொடுத்து வருகிறார். உள்ளே பார்க்க அனுமதிப்பதில்லை. கணக்குக் கேட்டால், “நீங்கள் உறுப்பினர் இல்லை” என்கிறார்கள். யாரிடம் முறையிடுவது என்பது அவர் கேள்வி.

ஐயா, அவர்கள் சொன்ன பதில் எரிச்சலூட்டுவதுதான், ஆனால் பொய்யன்று. நன்கொடை கொடுத்ததாலேயே சங்கத்தின் ஏட்டைப் புரட்டும் உரிமை வந்துவிடாது. ஆகவே சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் நிர்வாகிகளின் பட்டியலையும் கணக்கறிக்கையையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். கூட்டத்தில் எழுந்து அந்த அறிக்கையைக் கேளுங்கள். மறுத்தால், மறுத்த தேதியைக் குறித்துப் பதிவிலாகாவுக்கு எழுதுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு; பலர் இடறி விழுவதும் இங்கேதான். காப்பகம் என்று நாம் அழைப்பது பல ஊர்களில் சங்கமே அன்று. இரக்கமுள்ள அக்கா ஒருவர் தம் வீட்டுப் பின்புறத்தில் வேலியடித்து நாற்பது நாய்களை வைத்திருப்பார். பலகையும் இருக்கும், ரசீதுப் புத்தகமும் இருக்கும், பதிவெண் மட்டும் இருக்காது. அவருக்கு ஆண்டுக் கூட்டமும் இல்லை, செயலவையும் இல்லை; பதிவிலாகாவிடம் அவரைப் பற்றி எந்தக் கோப்பும் இராது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார். ஆனாலும் அவரிடம் கணக்குக் கேட்பது சங்கத்திடம் கேட்பதைப் போன்றது அன்று. ஆகையால் முதலில் ரசீதில் பதிவெண் உள்ளதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் புகார் எழுதியவர்கள் ஆறு மாதம் அலைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

காப்பகத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டு வரும் இடைத்தரகர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். வீடு வீடாக வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீசின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அடிபட்ட குட்டியின் படத்தோடு புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் வேண்டுகோளில் தனிநபரின் வங்கிக் கணக்கு எண் இருந்தால், ஒரு சென்னும் போடாதீர்கள். வரிக்கழிவு கிடைக்கும் என்று ஆசை காட்டினால், வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அந்த அமைப்பு அங்கீகாரம் பெற்றுள்ளதா என்று வருமான வரி வாரியத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். இன்னொரு கூட்டம், “நான் இலாகாவில் பேசுகிறேன், இருநூறு வெள்ளி கொடுங்கள்” என்று வரும். புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. அந்தப் பணம் அவர் பைக்குத்தான் போகும்.

நாய்கள் பட்டினியாகவோ புண்ணோடோ கிடந்தால் அது வேறு புகார். மாநிலக் கால்நடைச் சேவைத் துறைக்குப் போக வேண்டியது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பணக் குறையையும் நாய்க் குறையையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். ஒவ்வோர் இலாகாவும் தன் பங்கன்று என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவதில் நம் அலுவலகங்களுக்கு நிகரில்லை.

ஊராட்சி மன்றம் பிடித்த நாய்களை அந்தக் காப்பகத்தில் ஒப்படைக்கிறது என்றால், சிலாங்கூரின் 2011ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அதுபற்றிய தகவலை மன்றத்திடமே கேட்கலாம். ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மனுவில் காரணம் எழுத வேண்டும்; பெற்ற தகவலை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் அதுவே குற்றம். மக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு வாசலில் கம்பு போட்டது போன்ற விதி இது!

இவையெல்லாம் நடக்கும்வரை அந்த 30 ரிங்கிட்டுக்குத் தீவனமாகவே வாங்கிக் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். இதுவரை வாங்கிய ரசீதுகளில் ஒன்றையும் எறியாதீர்கள்.