911 அடிக்கப் பயப்பட வேண்டாம், தம்பி

தம்பி, கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபுறோவுக்கு வந்து மூன்று வாரம், நாலு பேரோடு ஒரு பேஸ்மன்ட்டில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஏரியா மலிவு, கார் இன்சூரன்ஸ் எவ்வளவு வரும், இங்கே பொலிஸ் எப்படி, அவசர உதவி நம்பரான 911 அடித்தால் அகதி வழக்குக்குப் பிரச்சினை வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கடைசிக் கேள்விக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் பிழை. அதனால் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நானும் 1989 இல் ஒரு பேஸ்மன்ட்டில்தான் வந்து இறங்கினேன். ஏழு பெடியன்கள், ஒரு குசினி, வெளியே போக ஒரு வாசல். மிளகாய் பொரித்தால் புகை அலாரம் கத்தும். அந்தச் சத்தம் தாங்காமல் யாரோ பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டார்கள். அடுத்த தை மாதம் ஒருநாள் இரவு வேலை முடித்து வந்து நல்ல நித்திரை. அடுப்பில் எண்ணெய்த் தாச்சியை வைத்தவன் போனில் கதைக்கப் போய்விட்டான். இருமிக்கொண்டுதான் எழும்பினேன். அறை முழுக்கக் கறுப்புப் புகை. ஒருவன் தாச்சியில் தண்ணீரை ஊற்ற, நெருப்பு சீலிங் வரை எழுந்தது. எண்ணெய் பற்றினால் மூடியால் மூட வேண்டும், அடுப்பை நிற்பாட்ட வேண்டும். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வெறுங்காலோடு பனியில் நின்றோம். 911 அடிக்க வேண்டும் என்று மட்டும் ஏழு பேருக்கும் தெரியும். ஒருவரும் அடிக்கவில்லை. பொலிஸ் வந்து பேப்பர் கேட்பான், வழக்கு கெட்டுவிடும் என்ற பயம். கொழும்பு லொட்ஜில் நடுச்சாமம் பொலிஸ் கதவைத் தட்டிய சத்தம் இன்னும் எங்கள் காதில் இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மாதான் அடித்தார். தீயணைப்பவர்கள் வந்து கேட்ட முதல் கேள்வி, "உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா?" விசாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதில் ஒருவர் வண்டியிலிருந்து கம்பளி எடுத்துவந்து என் காலைச் சுற்றிவிட்டார். சீருடை போட்ட ஒருவர் என்னை அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது நிலைமை இன்னும் தெளிவு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும், தக்க காரணம் இல்லாமல் குடிவரவு நிலையைக் கேட்கக் கூடாது என்று ரொறன்ரோ பொலிஸ் சபை 2006 இலேயே கொள்கை வைத்துவிட்டது. 911 அடித்தால் பொலிஸா, ஃபயரா, அம்புலன்ஸா என்று கேட்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தவறிப்போய் அடித்துவிட்டால் போனை வைத்துவிடாமல் தவறுதலாக அடித்தேன் என்று சொல்லுங்கள். அவசரமில்லாத விஷயத்துக்குப் பொலிஸின் 416-808-2222 இருக்கிறது.

நெஞ்சுவலி என்று அடித்தாலும் தீயணைப்பவர்களின் சிவப்பு வண்டி வரும், திகைக்க வேண்டாம். வண்டிக்கு நாலு பேர், 24 மணிநேர ஷிப்ட், நிலையத்திலேயே இருப்பதால் பல நேரம் அம்புலன்ஸுக்கு முன்னமே வந்துவிடுவார்கள். அவர்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அம்புலன்ஸுக்கு மட்டும், மாகாண மருத்துவ அட்டை இருந்தால் 45 டொலர் பில் வரும், இல்லாவிட்டால் 240. அந்த 240ஐ நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தவர்களை எனக்குத் தெரியும். வேலைக்காக வடக்கே சின்ன ஊர்களுக்குப் போனால் அங்கே தீயணைப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். அழைப்பு வந்த பிறகுதான் வீட்டிலிருந்து வெளிக்கிடுவார்கள், அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

பொலிஸ் காரை மறித்தால் இறங்காதீர்கள். எங்கள் ஊரில் இறங்கி நிற்பது மரியாதை. இங்கே அதைப் பயமுறுத்தலாக எடுப்பார்கள். கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும், கேட்டபிறகு லைசென்ஸை எடுங்கள். நான் இதைப் பழக இரண்டு வருடம் எடுத்தது, இப்போது என் மருமகப்பிள்ளைக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எனக்குக் கோபம் வருவது வீட்டை வாடகைக்கு விடும் எங்கள் ஆட்கள் சிலரை நினைத்தால்தான். அகதியாக வந்து பேஸ்மன்ட்டில் கஷ்டப்பட்டவர்களே இன்று வீடு வாங்கி, உடம்பு நுழையாத ஜன்னலோடு ஆறு பேரை அடைத்து வாடகை வாங்குகிறார்கள். "வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டால் உனக்குத்தான் வீடு போகும்" என்று வெருட்டவும் செய்கிறார்கள். ஒன்ராறியோ சட்டப்படி ஒவ்வொரு தளத்திலும், படுக்கை அறைகளுக்கு வெளியேயும் வேலை செய்யும் புகை அலாரம் இருக்க வேண்டும். அதைப் பொருத்திப் பராமரிப்பது வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. அதேநேரம் வாடகைக்கு இருப்பவர் கழற்றிவிட்டால் அவருக்கும் தண்டம் உண்டு. படுக்கும்போது அறைக் கதவைச் சாத்துங்கள், புகை வரத் தாமதமாகும்.

இன்றைக்கே அலாரத்தின் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து தலையும் தோளும் போகிறதா என்று பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் அப்புறம் கதைக்கலாம்.