கேள்வி பதில்: பீட்சா விநியோகக் கடையில் உதவி மேலாளர் பணி

சென்னையில் பீட்சா விநியோகக் கடை ஒன்றில் சாதாரண ஊழியராகச் சேர்ந்து உதவி மேலாளராக உயர்ந்த நம் உறுப்பினர், இத்துறையில் இருப்போரும் வர நினைப்போரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

மேலாளர் ஒருவர் இருக்கும்போது உதவி மேலாளருக்குத் தனியாக என்ன வேலை? (திருச்சி வாசகர்)

பெயரில்தான் உதவி இருக்கிறது. மேலாளர் பெரும்பாலும் காலையில் வந்து கொள்முதல், ஆள் சேர்ப்பு, மாதக் கணக்கு ஆகியவற்றைப் பார்ப்பார்; மாலையிலிருந்து கடை அடைக்கும் வரை அடுப்பு, கல்லா, வண்டிகள், வாடிக்கையாளரின் கோபம் அனைத்தும் உதவி மேலாளரின் பொறுப்பு. விற்பனையின் பெரும்பகுதி இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் நடப்பதால், அந்த நேரத்துக்கு வேண்டிய வெங்காயம், குடைமிளகாய், மடித்த பெட்டிகள், போதிய ஆட்கள் என எல்லாவற்றையும் பிற்பகலிலேயே தயாராக்கி வைப்பதுதான் இப்பணியின் பெரும்பகுதி. எட்டு மணிக்குப் பெட்டி மடிக்க ஆள் தேடுபவர் அன்றைய இரவைச் சமாளிக்க முடியாது.

இதற்குப் பட்டப்படிப்பு கட்டாயமா? (தேனி வாசகர்)

நேரடியாக இப்பதவிக்கு விண்ணப்பிப்பவர்களிடம் பல நிறுவனங்கள் பட்டம் கேட்கின்றன. கடைக்குள்ளிருந்தே உயர்பவர்களிடம் அதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. என் கருத்தில் இரண்டாவது வழியில் வருபவர்களே நிலைக்கிறார்கள்.

கோடையில் மாவு நிறைய வீணாகிறது. எப்படிக் குறைப்பது? (வேலூர் வாசகர்)

சங்கிலிக் கடைகளுக்கு மாவு பெரும்பாலும் மையச் சமையற்கூடத்திலிருந்து உருண்டைகளாகத் தட்டுகளில் வருகிறது. குளிரில் இருந்தாலும் அதிலுள்ள ஈஸ்ட் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். வண்டியிலிருந்து இறங்கிய தட்டுகளைக் குளிர் அறையில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உருண்டைகளின் மேல் குளிர்காற்று படவிட்டு, நன்றாகக் குளிர்ந்த பிறகே நேராக அடுக்கி மூட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே நேராக அடுக்கினால் நடுத்தட்டுகளின் சூடு வெளியேற வழியின்றி மாவு உள்ளேயே பொங்கிவிடும். குறுக்காகவே விட்டுவிட்டால் மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டிவிடும்.

பயன்படுத்துவதற்குமுன் வெளியே எடுத்து வைக்கும் நேரத்தில்தான் அதிக இழப்பு ஏற்படுகிறது. கையேட்டில் எத்தனை மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் மே மாதத்தில் அடுப்புக்கு அருகே வைத்த தட்டு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. விரல் நுனியால் உருண்டையை மெல்ல அழுத்திப் பாருங்கள்: குழி உடனே மேலெழுந்தால் மாவு இன்னும் தயாராகவில்லை, மெதுவாக மீண்டால் பதம் சரி, அப்படியே பள்ளமாக நின்றுவிட்டால் புளித்துவிட்டது. அப்படிப் புளித்த மாவு விரிக்கும்போதே கிழியும். ஆகவே கோடையில் மாலைக்கு வேண்டிய மொத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், முக்கால் மணிக்கு ஒருமுறை சில தட்டுகளாக எடுப்பது நல்லது.

உணவுச் செலவு மாதாமாதம் ஏறுகிறது. திருட்டு நடக்கிறதோ என்று மேலாளர் சந்தேகப்படுகிறார். (கோவை வாசகர்)

திருட்டைத் தேடுவதற்குமுன் தராசைத் தேடுங்கள். சீஸைக் கையால் அள்ளிப் போடும் ஊழியர் ஒரு பீட்சாவுக்குப் பத்து கிராம் கூடுதலாகப் போட்டால், இருநூறு பீட்சாவில் இரண்டு கிலோ போய்விடும். அவசர நேரத்தில் முதலில் கைவிடப்படுவது எடை போடும் பழக்கமே.

மழை நாளில் நேரத்துக்குள் கொடுத்தே ஆக வேண்டும் என்று மேலிடம் நெருக்குகிறது. என்ன செய்வது? (சென்னை, வேளச்சேரி வாசகர்)

அமெரிக்காவில் டோமினோஸ் நிறுவனம் 30 நிமிட உத்தரவாதத்தை 1993 டிசம்பரில் கைவிட்டது. செயின்ட் லூயிஸ் நகரில் அந்நிறுவனத்தின் விநியோக ஊழியர் சிவப்பு விளக்கை மதிக்காமல் சென்று மோதியதில் காயமடைந்த பெண்ணுக்குப் பெருந்தொகை வழங்குமாறு நடுவர் குழு தீர்ப்பளித்ததே அதற்குக் காரணம். இங்கு அந்த வாக்குறுதி தொடர்ந்தாலும், அதைக் காப்பாற்றும் வேலை கடைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆர்டர் வந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் பீட்சா பைக்குள் போய்விட்டால் ஓட்டுநர் நிதானமாகப் போகலாம். அடுப்பிலேயே இருபது நிமிடம் போக்கிவிட்டு, அவரை விரட்டுவது அநியாயம்.

மழை வலுத்தவுடன் கணினியில் காட்டும் விநியோக நேரத்தைக் கூட்டுங்கள், தொலைவான பகுதிகளை நிறுத்துங்கள், நேர உத்தரவாதம் தற்காலிகமாக இல்லை என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தியாகராய நகரின் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் தேங்குவது ஆண்டுதோறும் நடப்பதுதான். திரும்பி வரும் ஓட்டுநரிடம் எந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று கேட்டு வெளியேறும் வாசலில் எழுதி வையுங்கள். நெருக்கும் மேலிடத்துக்கு இம்முடிவுகளை மணி குறிப்பிட்டு எழுத்தில் அனுப்பினால், பிறகு விளக்கம் கேட்கப்படும்போது உங்களிடம் பதில் இருக்கும்.

சைவ பீட்சாவில் கோழித் துண்டு இருந்ததாகப் புகார் வந்தால்? (மயிலாடுதுறை வாசகர்)

வாதாடாதீர்கள். துண்டை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்ற பேச்சு ஒருபோதும் வரக்கூடாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, மேலாளருக்கு உடனே தெரிவியுங்கள். தயாரிக்கும் மேடைகளும் வெட்டும் சக்கரங்களும் தனித்தனியாக இருந்தும் இப்படி நேர்வது பெரும்பாலும் வெட்டும் மேடையில்தான்: அடுப்பிலிருந்து இரண்டு பீட்சாக்கள் அடுத்தடுத்து வெளிவர, பெட்டிகள் மாறிவிடுகின்றன. பெட்டியில் ரசீதை ஒட்டிய பிறகே பீட்சாவை உள்ளே வைக்க வேண்டும் என்ற ஒழுங்கை விடாமல் கடைப்பிடித்தால் இது வெகுவாகக் குறையும்.

செயலிகள் வழி வரும் ஆர்டர்களால் ஜிஎஸ்டி கணக்கு இரவில் ஒத்துப்போவதில்லை. (சேலம் வாசகர்)

2022 ஜனவரி 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற செயலிகள் வழி விற்கும் உணவுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை அந்த நிறுவனங்களே செலுத்துகின்றன. அவற்றைக் கடையின் நேரடி விற்பனையோடு கூட்டாமல் தனிப் பட்டியலாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும்.

வார இறுதியில் விடுப்பு கிடைக்குமா? (தஞ்சை வாசகர்)

கிடைக்காது. வெள்ளி, சனி, ஞாயிறும் டிசம்பர் 31 இரவும் கடைக்குரியவை. செவ்வாயையோ புதனையோ வார விடுமுறையாக வைத்துக்கொள்ளுங்கள்; வீட்டு விசேஷம் இருந்தால் பணி அட்டவணை போடுவதற்கு முந்தைய வாரமே, மாற்றாக நிற்பவரின் பெயரையும் சேர்த்து மேலாளரிடம் கேளுங்கள்.