பலகையில் உள்ள 'தாய்' எந்தத் தாய்?

கேள்வி: மதுரை அண்ணா நகரில், எங்கள் தெருவுக்கு அருகே தாய்லாந்து உணவகம் ஒன்று திறந்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் 'தாய்' என்று இருப்பதைப் பார்த்து, வீட்டுச் சமையல் கிடைக்கும் இடம் என்று நினைத்துக்கொண்ட என் மாமியார், தானும் வருவதாகச் சொல்கிறார். நாங்கள் அசைவம் சாப்பிடுவோம். அவர் சுத்த சைவம். இரவுச் சாப்பாட்டுக்கு அவரையும் அழைத்துப் போகலாமா? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: அழைத்துப் போகலாம் சகோதரி, ஆனால் முதல் தடவையே வேண்டாம். கூட்டமில்லாத ஒரு வார நாளில், இரவு ஏழு மணிக்கெல்லாம் நீங்களும் கணவரும் மட்டும் போய் வாருங்கள். சமையல்காரரிடம் நின்று பேச முடிவது அந்த நேரத்தில்தான்.

'இது சைவமா?' என்ற கேள்வி தாய்லாந்துச் சமையலுக்குப் போதாது. நாம் உப்புப் போடும் இடத்தில் அவர்கள் பெரும்பாலும் மீன் சாஸை ஊற்றுகிறார்கள். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு அது. சமைக்கும்போது அதைத் தவிர்த்துவிட்டு உப்போ சோயா சாஸோ சேர்க்கச் சொல்லலாம். உண்மையான சிக்கல், கபி என்னும் இறால் விழுதில்தான் இருக்கிறது. பச்சை, சிவப்புக் கறிகளுக்கு மிளகாய், பூண்டு, அரத்தை, எலுமிச்சைப் புல் ஆகியவற்றோடு அதையும் சேர்த்தே அரைத்துவிடுவதால், பிறகு பிரித்தெடுக்க வழியே இல்லை. ஆகவே, 'கறி விழுதை இங்கேயே அரைக்கிறீர்களா, அதில் இறால் உண்டா?' என்று கேளுங்கள்; கடையில் வாங்கிய விழுது என்றால், டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி நீங்களே படித்துப் பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம். வேறோர் ஊரில், 'வெஜ்' என்று எழுதியிருந்ததை நம்பிச் சைவத் தோழி ஒருவருக்குப் பப்பாளிக்காய் சாலட் வாங்கிக் கொடுத்தேன். வேர்க்கடலைகளுக்கு நடுவே நகக்கண் அளவில் ஒரு காய்ந்த இறால் சுருண்டு கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

உங்கள் மாமியாருக்குப் பாட் தாய் பொருந்தும் என்று நினைக்கிறேன். அரிசி நூடுல்ஸில் புளியும் பனைவெல்லமும் வேர்க்கடலையும் சேரும் அந்தச் சுவை, புளிச் சேவை சாப்பிட்டுப் பழகியவருக்கு அந்நியமாக இராது. முட்டை, காய்ந்த இறால், மீன் சாஸ் மூன்றும் வேண்டாம் என்று சொல்லி, தனி வாணலியில் செய்து தரக் கேளுங்கள். டாம் யம் சூப்பை நீங்கள் குடித்துப் பாருங்கள். அதில் மிதக்கும் இலையைக் கிள்ளி முகர்ந்தால் வேப்பிலைக்கட்டிக்கு இடிக்கும் நார்த்தை இலை நினைவுக்கு வரும். அந்த இலையையும் அரத்தைத் துண்டுகளையும் கறிவேப்பிலையைப் போல ஒதுக்கிவிட வேண்டும்.

எல்லாக் கறிகளையும் மேசை நடுவில் வைத்துச் சோற்றோடு பகிர்ந்து உண்பதே அங்குள்ள வழக்கம். உங்கள் மேசையில் அது வேண்டாம். கோழிக்கறியில் தோய்ந்த கரண்டி பிள்ளைகள் கையில் எங்கெல்லாம் போகும் என்று யாரும் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. அவருடைய தட்டும் கரண்டியும் தனியாகவே இருக்கட்டும்.

சமையல்காரரின் பதில் மழுப்பலாக இருந்தால், மாமியாருக்கு வீட்டிலேயே இரண்டு இட்லி கொடுத்து அழைத்துப் போய், தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் மட்டும் வாங்கிக் கொடுங்கள். எப்படியானாலும், அந்தப் பலகையில் உள்ள 'தாய்' ஒரு நாட்டின் பெயர் என்பதை அவர் புடவை மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.